ஒயர் வேறு வழியில் போனது

பத்து வருடமாகத் தொல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு நிமிடத்துக்கு 190 என்று ஓட ஆரம்பிக்கும். கேஷுவாலிட்டியில் அந்த ஓட்டத்தை நிறுத்த அடினோசின் ஊசி போடுவார்கள், சில விநாடி உயிர் போய்த் திரும்பி வந்த மாதிரி இருக்கும் (போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும்), அப்புறம் சரியாகிவிடும். இதயத்தின் மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏவி கணுவை ஒட்டிக் கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கிறது, அதைச் சுட்டுவிட்டால் தீர்ந்தது என்றார்கள். சூடு கணுவிலேயே பட்டுவிட்டால் பேஸ்மேக்கர்தான், அது அபூர்வம் என்றும் சொன்னார்கள். முந்தின இரவு முழுக்க அந்த அபூர்வத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது வேறு. தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி, மற்றபடி முழு நினைவோடு படுத்திருக்கிறேன். சுடுவதற்காகச் சிரை வழியாக ஏற்றிய ஒயர் நேராக இதயத்துக்குள் வர வேண்டும், வரவில்லை. "தம்பி, அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரிவதற்கான டை போட்டுப் பார்த்தார். உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரை கல்லீரலுக்குப் பக்கத்தில் பாதியிலேயே நின்றுவிட்டிருக்கிறது. அங்கிருந்து ரத்தம் முதுகெலும்பை ஒட்டிய அசைகஸ் சிரையில் ஏறி, இதயத்துக்குப் பின்னால் போய், மேலே வளைந்து, மேல் பெருஞ்சிரை வழியாக இறங்கி வருகிறது. பிறவியிலேயே அப்படியாம். அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்ததால் 41 வயது வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது, லீவு போச்சு, இன்ஷூரன்ஸ்காரரிடம் மறுபடி மன்றாட வேண்டும், போதாததற்குத் தொடையில் ரத்தம் கட்டி முட்டி வரை கறுத்து மூன்று வாரம் நொண்டினேன். ஆனால் யோசித்தால், அவ்வளவு வளைந்து சுற்றி வந்த ஒயரின் நுனி ஒரு இடத்தில் நிலையாக நிற்காது, சுட வேண்டிய இடத்துக்கும் கணுவுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர்தான். பிடிவாதமாகத் தொடர்ந்திருந்தால் நான் பயந்ததே நடந்திருக்கலாம்.

இரண்டாவது தடவை சிடி எடுத்துப் பார்த்துவிட்டு கழுத்துச் சிரை வழியாக இறங்கினார்கள். சுடும்போது இதயம் தானாகவே கொஞ்சம் வேகமாகத் துடித்தது, அதுதான் சரியான இடம் என்பதற்கு அடையாளமாம். அதன்பிறகு அந்தப் படபடப்பு வரவில்லை.

போன மாதம் சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப் போனேன். அந்தப் பெண் கல்லீரல் பக்கம் கருவியை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறை சீனியரைக் கூப்பிட எழுந்தார். "தேடாதீங்கம்மா, அது அங்க இல்ல" என்றேன்.