செலவு ஒரு தடவைதான்

இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் துணைப்பாடம் நடத்துகிறேன். பாம்பன், வேதாளை, புதுமடம், தங்கச்சிமடம் எனக் கடலோர ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள். பதினோரு ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: புள்ளியியல் புரியாமல் தோற்பவர்கள் குறைவு. சராசரி எது, மதிப்புகள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதெல்லாம் அவர்களுக்கு விளங்குகிறது. கால் இடறுவது பள்ளியில் விட்டுப்போன இயற்கணிதத்தில்.

ஒரு தேர்வில் கேட்டிருந்தேன். வகுப்புச் சராசரி 60, திட்ட விலக்கம் (சிதறலின் அளவு) 8. ஒருவருடைய இசட் மதிப்பு 1.5 என்றால் அவர் வாங்கிய மதிப்பெண் என்ன? மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்தால் வருவது இசட் மதிப்பு. நேராகப் போகும்போது எல்லோரும் போட்டுவிடுவார்கள். திரும்பி வருவதில்தான் சிக்கல். 1.5-ஐ 8-ஆல் பெருக்கினால் 12, அதோடு 60-ஐக் கூட்டினால் 72. பாதி வகுப்பு 60-ஐ முதலில் கூட்டிவிட்டுப் பிறகு 8-ஆல் பெருக்கி, 492 என்று எழுதியிருந்தது. நூற்றுக்கு நடந்த தேர்வில் 492! அந்த விடையைப் பார்த்து ஒருவரும் நின்று யோசிக்கவில்லை என்பதுதான் என்னை வருத்தியது. கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும் என்று மூன்று முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். அவர்கள் அதை மனப்பாடம் செய்திருந்தார்கள்.

மறுநாள் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வள்ளத்துப் பங்கு பற்றிப் பேசினேன். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மீதியைப் பங்கு வைப்பார்கள். படகுக்கும் வலைக்கும் தனிப்பங்கு உண்டு; எத்தனை என்பது ஊருக்கு ஊர் மாறும். எட்டுப் பங்கு என்று வைத்துக்கொண்டோம். ஒரு பங்கு 1,500 ரூபாய், செலவு 6,000. மீன் எவ்வளவுக்கு விற்றிருக்கும்? வேண்டுமென்றே 1,500-உடன் 6,000-ஐக் கூட்டி, எட்டால் பெருக்கி, 60,000 என்று எழுதினேன்.

பின் வரிசையில் ஒரு மாணவி எழுந்துவிட்டாள். அவள் அப்பா வள்ளத்தில் போகிறவர். "செலவை ஏன் சார் எட்டால் பெருக்குகிறீர்கள்? செலவு ஒரு தடவைதானே!"

அவளே வந்து 12,000, அதோடு 6,000, மொத்தம் 18,000 என்று எழுதினாள். அதன் பக்கத்திலேயே இசட் கணக்கை எழுதினேன். செலவு நின்ற இடத்தில் சராசரி, பங்கு எண்ணிக்கை நின்ற இடத்தில் திட்ட விலக்கம். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 492 எங்கிருந்து வந்தது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

இந்த ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது. பாடு, அதாவது மீன் வரத்து, சரியில்லாத நாளில் நட்டத்தைப் பங்கு வைக்க மாட்டார்கள், அது கடனாக நிற்கும். இசட் மதிப்போ தயங்காமல் எதிர்மறைக்கு இறங்கும். அதைத் தனியாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்மறைக் குறி வேறோர் இடத்திலும் படுத்துகிறது. மூன்று வலையில் 2, 4, 9 கிலோ மீன் என்றால் சராசரி 5. சராசரியிலிருந்து விலக்கங்கள் -3, -1, 4, கூட்டினால் பூஜ்யம்; சிதறலே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். அதனால்தான் வர்க்கப்படுத்துகிறோம்: 9, 1, 16, ஆக 26. ஆனால் கால்குலேட்டரில் அடைப்புக்குறி இல்லாமல் -3-ஐ வர்க்கப்படுத்தினால் பெரும்பாலும் -9 என்று காட்டும். முதலில் 3-ஐ வர்க்கப்படுத்திப் பிறகு குறியைப் போடுவது அதன் வழக்கம். 26 வரவேண்டிய இடத்தில் 6 வந்து நிற்கும். பாவம், பிள்ளைகள் கருவியை நம்புகிறார்கள். வர்க்கம் எதிர்மறையாகாது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், தவறு கண்ணில் பட்டுவிடும்.

வர்க்கமூலத்துக்கு நான் மண்டபத்தையே காட்டுவேன். 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆரம்ப காலத் தலைமையிடம் இந்த ஊர்தான். கரைக்கு வரும் மீனை ஒவ்வொரு படகாக நிறுத்தி எடைபோட முடியாது. கூறெடுத்து, அதாவது சில படகுகளை மட்டும் பார்த்துத்தான் மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். எளிய கூறெடுப்பில் பிழையைப் பாதியாக்க எத்தனை மடங்கு படகைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், இரண்டு மடங்கு என்பார்கள். நான்கு மடங்கு. பிழையின் சூத்திரத்தில் வகுக்கும் இடத்தில், கூறின் அளவு வர்க்கமூலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ஆண்டுத் தொடக்கத்தில் முதல் ஆறு வகுப்பு மணிகளை இந்த இயற்கணிதத்துக்கே கொடுத்துவிடுகிறேன். பாடத்திட்டம் பின்தங்குகிறது என்ற பேச்சு வந்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. சமனின்மையை எதிர்மறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும். உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லைகளான நம்பிக்கை இடைவெளியை வருவிக்கும்போது அது தேவைப்படுகிறது. அதற்கு ஒத்த கணக்கு கரையில் எங்காவது இருக்குமா என்று அந்த மாணவியிடம் கேட்டிருக்கிறேன். அப்பாவிடம் விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.