என்னைப் பதம் பார்த்த பழப்பாகு

கிறிஸ்துமஸ் விருந்துக்கான சமையல் வேலைகளை வீட்டார் பங்கிட்டுக்கொண்டபோது, ஹாமின் மேல் பூசும் இனிப்புப் பழப்பாகை நான் செய்கிறேன் என்று நானாகவே முன்வந்தேன். இருப்பவற்றுள் இதுவே மிகச் சுலபமான வேலை என்பது என் கணக்கு. உப்பிட்டுப் புகையூட்டி, முழுவதும் வேகவைத்தே விற்கப்படும் பன்றித்தொடை அது. எலும்போடு நான்கு கிலோ இருந்தது. அதை ஓவனில் வைத்துச் சூடேற்றும் பொறுப்பை என் மனைவி எடுத்துக்கொண்டாள். எனக்கு மிஞ்சியது, பழச்சாற்றில் சர்க்கரையைப் போட்டுக் கொதிக்கவிடுவதும், அதைப் பிரஷ்ஷால் தொட்டுத் தடவுவதும்தான். வெந்நீர் வைக்கத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று, விருந்துக்கு முதல் ஆளாக வந்திருந்த அண்ணியிடம் வாய்விட்டுக் கேட்கவும் செய்தேன். அண்ணி அதற்குப் பதில் சொல்லவில்லை. "கொஞ்சம் அகலமான பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நான் கைக்கு அடக்கமான சின்னப் பாத்திரம் ஒன்றை எடுத்தேன்.

இரண்டு கப் அன்னாசிச் சாறு, ஒரு கப் பழுப்புச் சர்க்கரை, நான்கு கிராம்பு. இவ்வளவுதான் முதல் பாகின் முதலீடு. சாற்றில் உள்ள தண்ணீர் வற்றிப் பாதிக்கும் கீழே வர வேண்டும் என்று படித்திருந்தேன். சின்னப் பாத்திரத்தில் ஆவி வெளியேற இடம் போதாது என்பதால் அது வற்றுவதாகவே தெரியவில்லை; நுரை மட்டும் இரண்டு முறை பொங்கி அடுப்பை நனைத்தது. கால் மணி நேரம் கழித்துக் கரண்டியால் எடுத்து ஊற்றிப் பார்த்தேன், தண்ணீராகவே ஓடியது. சூடான பாகு எப்போதும் நீர்த்துத்தான் தெரியும், ஆறும்போதுதான் அதன் உண்மையான பதம் வெளிப்படும் என்ற அடிப்படை அறிவு அப்போது எனக்கில்லை. இன்னும் கொதிக்கட்டும் என்று தீயைக் கூட்டி, எப்போது வேண்டுமானாலும் எடுத்துத் தடவ வசதியாக இருக்கட்டும் என்று மரக்கைப்பிடி போட்ட பிரஷ்ஷையும் அதற்குள்ளேயே நிறுத்தி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். என்ன செய்கிறாய் என்று அவர் ஒப்புக்குக் கேட்க, நான் உள்ளபடியே விளக்கத் தொடங்கிவிட்டேன். அன்னாசியில் ப்ரோமெலைன் என்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதி இருப்பதையும், பச்சைச் சாற்றை அப்படியே இறைச்சியில் தடவி ஊறவைத்தால் மேற்புறம் கொழகொழத்துப் போகும் என்பதையும், சாற்றைக் கொதிக்கவைத்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடுவதால் என்னுடைய பாகில் அந்த ஆபத்துக்கு இடமே இல்லை என்பதையும், கூடத்தில் நடந்தபடியே நிதானமாக எடுத்துரைத்தேன். நொதியைப் பொறுத்தவரை நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

பாகு அப்படி நிதானமாக இருக்கவில்லை. தண்ணீர் நிறைய உள்ளவரை அடுப்பின் சூடெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகும். பாகு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே சோம்பிக் கிடக்கும். தண்ணீர் குறைந்த பிறகுதான் அதற்குக் கால் முளைக்கிறது. ஏறத்தாழ 105 டிகிரியில் ஜாம் பதம், 115 டிகிரியை ஒட்டி உருட்டுப் பதம், 150 டிகிரியைத் தொட்டால் ஆறியதும் கண்ணாடி போல உடையும் பதம். நான் திரும்பி வந்தபோது பாகு இந்த நிலையங்கள் எல்லாவற்றையும் கடந்து, கருஞ்சிவப்பாகிக் கசந்த வாடையும் வீசிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு என்ன செய்வது என்று யோசித்து முடிப்பதற்குள் அது இறுகிவிட்டது. பிரஷ் நட்டுவைத்த கொடிக்கம்பம் போல நடுவில் நின்றது. இழுத்துப் பார்த்தேன், பாத்திரமும் சேர்ந்து வந்தது. கொதிநீர் ஊற்றி ஊறவைத்தால் எப்பேர்ப்பட்ட சர்க்கரையும் கரைந்துவிடும் என்பது தெரிந்திருந்தும், அதற்கான அவகாசமோ துணிவோ இல்லாமல், அதை அப்படியே தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வாளிக்குப் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

இரண்டாவது முறை எச்சரிக்கை மிகுந்துவிட்டது. பாகு முறுகிவிடுமோ என்ற அச்சத்தில் பத்தே நிமிடத்தில் இறக்கினேன். பாகைப் பூசுவதற்கு முன் ஹாமின் மேல்தோலை நீக்கி, கொழுப்பில் மட்டும் அரை சென்டிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, சாய்சதுரக் கட்டங்கள் போட வேண்டும். ஓரத்தில் தொடங்கிய என் கட்டங்கள் மறு ஓரத்தை அடைவதற்குள் முக்கோணங்களாக மாறியிருந்தன. மேற்புறத்தைத் துடைத்து ஈரம் போக்கவில்லை என்பது இன்னொரு குறை. நீர்த்த பாகை ஊற்றினேன். அது கொழுப்பின் மேல் ஒரு கணமும் தங்காமல் வழிந்து தட்டில் போய்ச் சேர்ந்தது. ஹாம் பளிங்கு போலச் சுத்தமாக இருந்தது, தட்டு பளபளவென்று மின்னியது.

இதில் காலக்கணக்கும் தப்பு. இந்த அளவு ஹாம் 160 டிகிரியில், அலுமினியத் தாளால் மூடிய நிலையில், உள்வரை சூடேற இரண்டரை மணி நேரம் பிடிக்கும். பாகைத் தடவ வேண்டியது கடைசி இருபது, முப்பது நிமிடங்களில்தான். பழத்தில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை 110 டிகிரியை ஒட்டியே நிறம் மாறத் தலைப்படுவதால், முதல் மணி நேரத்திலேயே பாகை ஊற்றியவனுக்குக் கிடைப்பது புகை ஒன்றுதான். கிடைத்தது. தட்டில் தேங்கியது கொப்புளித்துக் கருகியதும் புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. என் மனைவி ஒன்றும் பேசாமல் சன்னல்களைத் திறந்தாள், தட்டை மாற்றினாள், புதுத் தட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். அந்த மௌனத்துக்குக் கருவியின் அலறலே பரவாயில்லை என்று தோன்றியது.

மூன்றாவது பாகில் அண்ணி குறுக்கிட்டார். "நீங்கள் கிண்ட மட்டும் செய்யுங்கள், தம்பி" என்றார். தோல் நாரோடு சேர்த்துக் காய்ச்சிய ஜாமான ஆரஞ்சு மர்மலேட் ஒரு கப், கால் கப் ஆரஞ்சுச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, கடுகு விழுதும் வினிகரும் ஒவ்வொரு மேசைக்கரண்டி. ஜாமை இறுகவைக்கும் பெக்டின் என்ற பழப்பொருள் மர்மலேடில் ஏற்கெனவே இருப்பதால் பாகு தானாகவே ஒட்டிப்பிடிக்கும் என்றும், உப்பும் கொழுப்பும் நிறைந்த இறைச்சியின் மேல் வெறும் இனிப்பு திகட்டிவிடும் என்பதால்தான் கடுகும் புளிப்பும் என்றும் சொன்னார். ஏழாவது நிமிடத்தில், உறைபெட்டியில் வைத்துக் குளிரச் செய்திருந்த பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் நடுவே கோடு இழுத்தார். இழுத்த கோடு மூடிக்கொள்ளாமல் நின்றது. முதல் பாத்திரத்தோடு இதை ஒப்பிட்டபோது, நான் தவறவிட்டது இந்த ஒரு சொட்டைத்தான் என்று விளங்கியது.

வேறு பிரஷ் இல்லாததால் கரண்டியின் முதுகாலேயே மெல்லியதாகத் தடவினேன். "பிரஷ் எங்கே?" என்று மனைவி கேட்டாள், தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். ஓவனை 220 டிகிரிக்கு ஏற்றி, ஆறு நிமிட இடைவெளியில் மூன்று பூச்சு. மூன்றாவது பூச்சுக்குக் கதவைத் திறந்தபோது, கீறல்களின் விளிம்புகள் சுருண்டு மேலெழுந்திருந்தன. ஒவ்வொரு முக்கோணத்தின் பள்ளத்திலும் பாகு சிறு குமிழ்களாக வெடித்து, ஆரஞ்சுத் தோலின் நார் ஒன்றிரண்டு முனை மட்டும் கருகிப் பொன்னிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இறைச்சிக்குள் செருகிய வெப்பமானி 60 டிகிரியைத் தாண்டியிருந்தது. வெளியே எடுத்து இருபது நிமிடம் ஆறவிட்டோம். அதற்குள் பூச்சு கண்ணாடித் தகடாக இறுகியது. இம்முறை இறுக வேண்டிய இடத்தில் இறுகியது.

விருந்தினர்கள் பாராட்டினார்கள். கட்டங்களை வேண்டுமென்றே முக்கோணமாகப் போட்டதாக ஒருவர் நினைத்துக்கொண்டார், நான் மறுக்கவில்லை. பாகு செய்வது கடினமா என்று இன்னொருவர் கேட்டபோது, கவனம் இருந்தால் முதல் முயற்சியிலேயே வந்துவிடும் என்று ஹாமை வெட்டியபடியே பதில் சொன்னேன். அண்ணி தன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய ஆறு வயது மகள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவள், சற்று நேரம் கழித்து இரு கைகளாலும் ஒரு மரக்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதன் அடியில் பாத்திரம் ஒன்று தொங்க, மிகுந்த வியப்போடு மேசையருகே வந்து நின்றாள்.

"சித்தப்பா, இது என்ன ஐஸ்?"