குன்னூர் ஷெட்ல வேல நடக்கணும்

இங்கிலாந்துல ஸ்விண்டன்னு ஒரு ஊர், என் அத்தை பையன் அங்கதான் வேலைல இருக்கான். போன மாசம் அங்க இருக்கற ரயில் மியூசியத்துக்குப் போயிட்டு குடும்ப குரூப்புல கொத்து கொத்தா போட்டோ அனுப்பினான், மாமாவுக்குக் காட்டு அக்கான்னு எனக்குத் தனியா ஒரு மெசேஜ் வேற. அந்த மியூசியம் புதுசா கட்டின கட்டிடம் கிடையாது, கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேங்கற கம்பெனியோட பழைய ஒர்க்ஷாப்ல ஒரு பகுதி. 1843ல ஆரம்பிச்ச ஒர்க்ஷாப், நல்லா ஓடின காலத்துல 14,000 பேர் வரைக்கும் வேல பாத்திருக்காங்க, ஊரே அதைச் சுத்தி வளந்த ஊர். பிரிட்டிஷ் ரயில்வேக்காக செஞ்ச கடைசி நீராவி இஞ்சின் 'ஈவினிங் ஸ்டார்' 1960ல அங்க இருந்துதான் வெளிய வந்துச்சு. 1986ல மூடிட்டாங்க. ஒரு பக்கம் இப்ப ஷாப்பிங் மால், ஒரு மெஷின் ஷாப் கட்டிடத்தை 2000ல மியூசியமா தொறந்திருக்காங்க.

எங்கப்பா குன்னூர் லோகோ ஷெட்ல, அதாவது மலை ரயில் இஞ்சினை நிறுத்தி ரிப்பேர் பாக்கற இடத்துல, பிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். போட்டோவ எல்லாம் பொறுமையா பாத்தாரு, பச்சை பெயின்ட்ல பளபளன்னு நிக்கிற இஞ்சினை நல்லா வச்சிருக்காங்கன்னு பாராட்டினாரு, அப்புறம் ஒரு போட்டோவ மட்டும் பெருசு பண்ணி ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. வேலை மேஜை, வைஸ், பக்கத்துல தொப்பி போட்ட ஒரு ஆள். "இந்த ஆளு பொம்மையா மா?"ன்னு கேட்டாரு. ஆமாப்பா பொம்மைதான்னேன். "கையில சுத்தியல் இருக்கு, ஆனா எங்க தட்டணும்னு அதுக்குத் தெரியாதே"ன்னாரு.

அதுல இருந்து எனக்கு மனசு ஓயவே இல்ல, அதான் இதை எழுதறேன்.

நம்ம நீலகிரி மலை ரயிலைப் பத்தி எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், 16 குகை, 208 வளைவு, 1899ல குன்னூர் வரைக்கும் வந்துச்சு, 1908ல ஊட்டிக்குப் போச்சு, 2005ல யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்ல சேந்துச்சு. இதெல்லாம் போர்டுலயே எழுதியிருக்கும். ஆனா மலை அடிவாரத்துல இருக்கற கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் இந்த வண்டி எப்படி ஏறுதுங்கறது தனிக் கதை. 12 அடி போனா ஒரு அடி ஏத்தம், சாதா சக்கரம் அதுல வழுக்கிடும். அதனால தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச ரெண்டு கம்பி, ஆப்ட் முறைன்னு சொல்லுவாங்க. ரெண்டு கம்பியோட பல்லும் நேருக்கு நேர் இருக்காது, ஒண்ணோட பல்லு இருக்கற இடத்துல இன்னொண்ணுக்குப் பள்ளம் வரும், அதனால எந்த நேரத்துலயும் இஞ்சினோட பல்சக்கரம் ஏதாவது ஒரு கம்பியப் பிடிச்சுட்டேதான் இருக்கும். கல்லாறுல பல்லுக்கம்பி ஆரம்பிக்கிற இடத்துல ஸ்பிரிங் வச்ச துண்டு இருக்கும், அதுலதான் பல்லும் பல்லும் சண்டை போடாம சேரும்.

இஞ்சின் சுவிட்சர்லாந்துல விண்டர்தூர்ங்கற ஊர்ல செஞ்சது, எக்ஸ் கிளாஸ்ங்கற வகை. நாலு சிலிண்டர். கீழ இருக்கற ரெண்டு சிலிண்டரும் சாதா சக்கரத்தை ஓட்டும், மேல இருக்கற ரெண்டு சிலிண்டரும் பல்சக்கரத்தை ஓட்டும். சமதளத்துல கீழ் சிலிண்டர் மட்டும் போதும், ஏத்தத்துல கீழ வேல செஞ்சு முடிச்ச நீராவியவே மேல் சிலிண்டருக்கு அனுப்பி இன்னொரு தடவ வேல வாங்குவாங்க. ஒரே இஞ்சினுக்குள்ள ரெண்டு இஞ்சின் மாதிரிதான். இதுல ஒரு இடத்துல கசிஞ்சா எதுல இருந்து கசியுதுன்னு கண்டுபிடிக்கறதே பெரிய வேலன்னு அப்பா சொல்லுவாரு.

அந்த வேலதான் குன்னூர் ஷெட்டு. ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே இருக்கு, ஊட்டிக்குப் போற டூரிஸ்ட் பாதிப்பேர் டீயும் வர்க்கியும் வாங்கிட்டு அதைத் திரும்பிக்கூட பாக்காம போயிடறாங்க. காலைல அந்தப் பக்கம் போனா ஆயிலும் நீராவியும் கலந்த ஒரு வாசம் வரும், எனக்கு அது அப்பா சட்டையோட வாசம். பாயிலர் வாஷ்அவுட்டுன்னு ஒரு வேல உண்டு, இஞ்சினை மெதுவா ஆற விட்டு (அவசரப்பட்டு பச்சத்தண்ணி விட்டா இரும்பு பிளந்துக்கும்) கீழ இருக்கற பிளக்கைக் கழட்டி உள்ள படிஞ்ச உப்பையும் சேறையும் ஹோஸ் வச்சு அடிச்சுக் கழுவறது. அப்பவே நெருப்பு எரியற பயர்பாக்ஸைப் பிடிச்சு நிக்கிற ஸ்டே போல்ட்டு எல்லாத்தையும் சின்ன சுத்தியல்ல ஒவ்வொண்ணா தட்டிப் பாப்பாங்க. சந்தைல பானையத் தட்டி வாங்கற மாதிரி, நல்ல போல்ட்டு கணீர்னு சொல்லும், உள்ளுக்குள்ள ஒடஞ்சது மொத்துன்னு சொல்லும். எத்தனை வருசத்துல அந்தக் காது வரும்னு கேட்டேன். பெரிய மேஸ்திரி பக்கத்துல நின்னு அவர் தட்ட நான் கேட்டு, நான் தட்ட அவர் கேட்டு, அப்படித்தான் வந்துச்சு, வருசக் கணக்கு எல்லாம் தெரியாதுன்னாரு.

இதை எந்தக் கண்ணாடிப் பெட்டில வைப்பீங்க?

மியூசியம் வேண்டாம்னு நான் சொல்லல. மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல மலை ரயில் மியூசியம் இருக்கு, பசங்களைக் கூட்டிட்டுப் போங்க, நல்லா இருக்கும். டெல்லி ரயில் மியூசியத்துல கூட நம்ம எக்ஸ் கிளாஸ் ஒண்ணு நிக்குது. ஓட முடியாத இஞ்சினை ஸ்கிராப்புக்குப் போடாம நிறுத்தி வச்சிருக்காங்களே, அதுவே பெரிய விஷயம். ஆனா நின்ன இஞ்சினுக்கு பெயின்டர் போதும், ஓடற இஞ்சினுக்குத்தான் பிட்டர் வேணும். ஓட்டம் நின்ன அன்னைக்கே அந்தக் காதும் கையும் அடுத்த ஆளுக்குப் போறது நின்னுடும், கட்டிடத்தை எவ்வளவு அழகா வச்சிருந்தாலும் சரி.

ஓடிட்டே இருந்தா என்ன ஆகும்னு திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பைப் பாருங்க. நாகப்பட்டினத்துல இருந்து 1928ல அங்க மாறின ஒர்க்ஷாப், இன்னும் வேல நடக்குது. சுவிட்சர்லாந்துக்காரங்க 1952க்கு அப்புறம் நமக்கு எக்ஸ் கிளாஸ் அனுப்பவே இல்ல, பழசையே ஒட்டிப் போட்டு ஓட்டிட்டு இருந்தோம், அப்புறம் 2011ல இருந்து பொன்மலைலயே ஆயில்ல ஓடற எக்ஸ் கிளாஸ் இஞ்சினை முழுசா புதுசா செஞ்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க. 2021ல நிலக்கரில ஓடறதும் ஒண்ணு வந்துச்சு. நீராவி இஞ்சினை உலகமே மறந்த காலத்துல நம்ம ஆளுங்க புதுசா ஒண்ணு செஞ்சிருக்காங்கன்னா, பழைய இஞ்சினைத் தினமும் கழட்டி மாட்டற கைங்க நடுவுல விட்டுப்போகாம இருந்ததாலதான். அந்தச் செய்தி வந்த அன்னைக்கு அப்பா ஸ்வீட் வாங்கிட்டு வந்தாரு.

பிரேக்ஸ்மேனுங்களும் அப்படித்தான். இஞ்சின் கீழ இருந்து தள்ளிட்டு வரும், டிரைவருக்கு முன்னாடி பாதை தெரியாது, ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் வெளிய ஒருத்தர் நின்னு விசில் சத்தத்துக்கு ஏத்த மாதிரி கையால பிரேக்கைச் சுத்துவாரு. மழைலயும் பனிலயும் அதே இடம்தான். நீங்க அடுத்த தடவ போறப்ப அவர்கிட்ட ஒரு வார்த்த பேசுங்க.

எனக்கு ஒரு ஆசை இருக்கு. ஐப்பசி கார்த்திகைல மண்சரிவு ஆகி வண்டி நிக்கற நாள் வருமே, அப்ப ஷெட்டுல பழைய ஆளுங்களை உக்கார வச்சு ஒவ்வொரு வேலையவும் வீடியோ எடுக்கணும், பேச்சோட, தட்டற சத்தத்தோட. ஐடிஐ முடிச்ச நம்ம மலைப் பசங்களை அந்த ஷெட்டுலயே அப்ரெண்டிஸா சேக்கணும். நான் என் பங்குக்கு அப்பா பேசறதை போன்ல ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சுட்டேன். வாஷ்அவுட்டு முடிஞ்சுது, இப்ப பல்சக்கரத்தோட பல்லு எவ்வளவு தேஞ்சா மாத்தணும்ங்கறதுல இருக்கோம். குன்னூர் ஷெட்லயோ பொன்மலைலயோ வேல பாத்த தாத்தா, சித்தப்பா, மாமா யாராவது உங்க வீட்டுல இருந்தா நீங்களும் இந்த ஞாயித்துக்கிழமையே ஒக்காந்து பேச வைங்க, முதல்ல பாயிலர்ல இருந்து ஆரம்பிங்க, அதைப் பத்திக் கேட்டா அவங்களே நிறுத்த மாட்டாங்க.