'வாதம்' என்றால் எந்தக் குறியீடு?

சிங்கப்பூரில் மருத்துவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதிகிறார்கள். தமிழும் மலாயும் சீனமும் நோயாளியின் வாய்மொழியாகவும், அவருக்குத் தரும் தாள்களிலும்தான் தரவோடு வந்து சேர்கின்றன. நோயின் பெயரைக் குறியீட்டோடு இணைக்கும் அட்டவணையில் பிழை நுழைவதும் அங்கேதான்.

'வாதம்' ஒன்றே போதும். நோய்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு தரும் உலகப் பட்டியலான ஐசிடி-10இல் பக்கவாதம் ஐ64 (I64), முடக்குவாதம் எம்06, இளம்பிள்ளை வாதம் ஏ80. இரத்த ஓட்டம், மூட்டு, தொற்று என மூன்றும் வெவ்வேறு அத்தியாயம். சொல்லின் பாதியை வைத்துத் தேடும் நிரல் இவற்றைக் கலந்துவிடும். மலாயில் பக்கவாதம் 'அங்கின் அஹ்மார்', அதாவது சிவப்புக் காற்று. சீனத்தின் 'ஜோங்ஃபெங்'கிலும் காற்றுதான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பக்கவாதக்காரர் வாயுத்தொல்லைக்கான ஆர்14இல் போய் விழுவார். தமிழின் 'வாதம்' உட்பட மூன்று மொழியும் காற்றையே சொல்வது அழகுதான். ஆனால் அட்டவணையில் ஆபத்து.

ஆகவே அட்டவணையில் ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் திறவுகோல் நோயின் பெயராக இருக்கக்கூடாது, கருத்துக்கான எண்ணாக இருக்கவேண்டும். அதன்கீழ் மொழிக்கு ஒரு முதன்மைச் சொல், மற்றவை இணைச்சொற்கள். நீரிழிவு முதன்மை என்றால் சர்க்கரை, இனிப்புநீர் இரண்டும் இணை. 'சர்க்கரை இருக்கு' என்று மட்டும் ஒருவர் சொன்னால் ஊகித்து இரண்டாம் வகை நீரிழிவுக்கான இ11 போடாதீர்கள். வகை குறிப்பிடாத நீரிழிவுக்கு இ14 இருக்கிறது. மஞ்சள் காமாலையும் அப்படித்தான். அது அறிகுறி, ஆர்17. ஏ வகைக் கல்லீரல் அழற்சி என்று மருத்துவர் உறுதிசெய்யாமல் பி15க்குத் தாவக்கூடாது.

அடுத்தது எழுத்து. 'நோய்' என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்த்தும் சேமிக்கலாம். யூனிகோடில் முன்னதற்கு 4 குறிகள், பின்னதற்கு 5. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இத்தகைய வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) முறையில் சீராக்கிய பிறகே சேமித்தால் இது தீரும். ஆனால் 'பௌத்திரம்' என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டியிருந்தால் என்எஃப்சி காப்பாற்றாது. தனி விதி எழுதித்தான் திருத்தவேண்டும்.

2022 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த ஐசிடி-11இல் சின்னம்மை 1இ90 (1E90), அக்கி 1இ91 (1E91). எக்செல் இவற்றைப் பத்தின் அடுக்காக எண்ணி எண்ணாக மாற்றிவிடும். கோப்பை இறக்கும்போதே அந்த நெடுவரிசையை 'உரை' என்று குறித்துவிட வேண்டும்.

ஐசிடியின் பதிப்பு ஆண்டுக்கும் நோயாளி சொன்ன மூலச் சொல்லுக்கும் தனி நெடுவரிசைகள் கட்டாயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10இல் டெங்கி முன்பு ஏ90, ஏ91. 2016 பதிப்பில் ஏ97. பதிப்பைக் குறிக்காத தரவில் ஏ97ஐ மட்டும் தேடினால், பழைய ஆண்டுகளில் டெங்கியே இல்லாததுபோல் வரைபடம் காட்டும்.