கேப் கிராஸில் ஒரு குட்டியின் குரல்

கடல் கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. கார்க் கண்ணாடிகளை இறுக மூடியிருந்தோம். அப்படியும் அழுகிய மீனும் சிறுநீரும் நனைந்த கம்பளியும் கலந்ததுபோல் ஒரு நெடி மூக்கில் ஏறியது. நமீபியாவின் ஸ்வாகோப்முண்ட் நகரிலிருந்து வடக்கே சுமார் 120 கிலோமீட்டர், கேப் கிராஸுக்கு வந்திருந்தோம். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் நமீப் பாலைவனம். அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். நான்கு மணி நேரம் நின்றேன்.

நான் விலங்கியல் ஆசிரியை. கேப் ரோமக் கடல்நாயைப் பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பில் பேசியிருக்கிறேன். வெளியே தெரியும் சிறிய காது மடல் உண்டு, பின் துடுப்புகளை உடலுக்கு அடியில் மடக்கி நடக்கும் என்றெல்லாம் கரும்பலகையில் வரைந்தும் காட்டியிருக்கிறேன். ஆனால் அவை போடும் சத்தத்தை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. மர நடைபாதையில் ஏறியதும் பெரிய ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. ஈனும் பருவத்தில் இங்கே இரண்டு லட்சம் வரை கூடுகின்றன. நாங்கள் போனது டிசம்பர் தொடக்கம். பாறையெங்கும் கரிக்கட்டை போன்ற கறுப்புக் குட்டிகள்.

நடைபாதையின் அடியில், கை எட்டும் தூரத்தில் ஒரு பெண் கடல்நாய் படுத்திருந்தது. அப்போதுதான் கடலிலிருந்து ஏறியிருக்க வேண்டும். வெளிமயிர் கூர்கூராக ஒட்டிக்கிடந்தது. உடலைச் சிலிர்த்தபோது அது பிரிந்து, அடியிலிருந்த அடர்ந்த பழுப்பு உள்மயிர் தெரிந்தது. அந்த அடுக்குக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. சிக்கி நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. கரையில் அதுவே சுமையாகிவிடுகிறது. மயிரில்லாத துடுப்பை விரித்துக் காற்றில் காட்டியபடி அது சூட்டைத் தணித்துக்கொண்டிருந்தது.

பாலைவனத்து ஓரத்தில் இத்தனை உயிர்கள் எப்படி? பெங்குவேலா நீரோட்டம்தான் காரணம். தெற்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்க, ஆழத்திலிருந்து சத்து நிறைந்த குளிர்நீர் மேலே வருகிறது. நெத்திலியும் மத்தியும் கணவாயும் பெருகுகின்றன. நிலத்தை வறளவைப்பதும், காலையில் பனிமூட்டத்தைக் கொண்டுவருவதும் அதே குளிர்நீர்தான். தெற்கு அங்கோலாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் அல்கோவா விரிகுடா வரை இந்தக் கடல்நாய்கள் வாழ்கின்றன. இதே இனத்தின் இன்னொரு துணையினம் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் இருக்கிறது.

அறிவியல் பெயரில் வரும் ‘புசில்லஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு மிகச் சிறியது என்று பொருள். ஆனால் ரோமக் கடல்நாய்களிலேயே பெரியது இதுதான். ஆண் 300 கிலோவையும் தாண்டும். 18ஆம் நூற்றாண்டில் ஒரு குட்டியின் படத்தை வைத்து விவரித்ததால் வந்த பெயர் அது. மாணவர்கள் ஒருபோதும் மறக்காத செய்தி இது.

ஈன்ற ஒரு வாரத்துக்குள் தாய் மறுபடியும் இணைசேர்ந்துவிடும். ஆனால் கரு உடனே கருப்பையில் பதியாது; சில மாதங்கள் வளராமல் காத்திருக்கும். அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் இதே பருவத்தில் குட்டிகள் பிறக்கின்றன. அதன்பின் தாய் கடலுக்குப் போகும். நாட்கணக்கில் இரை தேடிவிட்டுத் திரும்பி, அத்தனை குட்டிகளுக்கு நடுவே தன் குட்டியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஒரு குட்டி என் கண்ணெதிரில் மூன்று தாய்களிடம் போனது. மூன்றும் சீறின, ஒன்று கழுத்தைக் கவ்வித் தூக்கி எறிந்தது. குட்டி எழுந்து மறுபடியும் கத்தியது. சற்றுத் தள்ளி ஒரு கருமுதுகுக் குள்ளநரி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கைகள் நடுங்கின.

இந்தக் குட்டிகள் எட்டு மாதத்துக்கும் மேலாகப் பால் குடிக்கும். நமீபியாவில் கடல்நாய் வேட்டைப் பருவம் ஜூலையில் தொடங்குகிறது; அப்போதும் இவை பால்குடிதான். தென்னாப்பிரிக்கா இந்த வேட்டையை 1990இல் நிறுத்திவிட்டது. நமீபியா மீன்வளத்தையும் வேலைவாய்ப்பையும் காரணமாகச் சொல்கிறது. அந்தக் காரணங்களை நான் படித்திருக்கிறேன். என் மனம் ஏற்கவில்லை.

பிற்பகலில் அலையோரமிருந்து ஈரம் சொட்ட ஒரு பெண் கடல்நாய் ஏறி வந்து, தலையை உயர்த்தி நீளமாகக் கூப்பிட்டது. அக்கம்பக்கத்துக் குட்டிகள் பல அசையவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த குட்டி மட்டும் கழுத்தை நிமிர்த்திப் பதில் கொடுத்தது. கூப்பிடவும் பதில் சொல்லவுமாக, படுத்திருந்தவற்றின் மீதெல்லாம் ஏறி விழுந்து அது ஓடியது. தாய் குனிந்து மூக்கோடு மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து பால் கொடுத்தது.

குட்டியின் கத்தல் நின்றது. குள்ளநரி வேறு பக்கம் நடந்தது.