ராஜா என்று சொல்லிக்கொள்ளாத ராஜா

ரோமுக்குப் போகிற எல்லோரும் முதலில் ஓடுவது கொலோசியத்துக்குத்தான். போங்கள், தப்பில்லை. ஆனால் ரோமப் பேரரசு எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்துகொள்ள, டைபர் ஆற்றங்கரையில் ரிப்பெட்டா தெருப் பக்கம் ஒரு சுவர் இருக்கிறது. அரா பாசிஸ், அதாவது 'அமைதிப் பலிபீடம்', இருக்கும் அருங்காட்சியகத்தின் வெளிச்சுவர் அது. டிக்கெட் வேண்டாம், தெருவில் நின்றே பார்க்கலாம். முதல் பேரரசர் ஆகஸ்டஸ் தனக்குத் தானே எழுதிக்கொண்ட மெய்க்கீர்த்தி, வரிவரியாக லத்தீனில். நான் போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு வாசித்தேன்.

பத்தொன்பது வயதில் சொந்தச் செலவில் படை திரட்டினேன் என்று தொடங்குகிறார். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்டபோது, அவர் உயில்படி தத்துப்பிள்ளையானவர் இவர். கொன்றவர்கள் பெயர் சுவரில் இல்லை. கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் இவரிடம் தோற்ற மார்க் ஆண்டனி பெயரும் இல்லை, அவரோடு நின்ற எகிப்து ராணி கிளியோபாட்ராவும் இல்லை. எதிரிகளை இதைவிட நன்றாகப் பழிவாங்க முடியாது! இந்திய மன்னர்கள் அடிக்கடி தூது அனுப்பினார்கள் என்ற பெருமை மட்டும் தவறாமல் இருக்கிறது.

என்னை நிறுத்திவைத்த வரி வேறு. அதிகாரத்தில் சக பதவியாளர்களைவிட எனக்கு எதுவும் கூடுதல் இல்லை, செல்வாக்கில்தான் எல்லோரையும் மிஞ்சினேன் என்கிறார். பெரும்பாலான படைகள் இருந்த மாகாணங்கள் யார் கையில்? இவர் கையில்தான். ரோமர்களுக்கு ராஜா என்றாலே ஆகாது. சீசர் செத்ததே அந்தச் சந்தேகத்தால். அதனால் செனட் என்ற பெரியோர் சபையை அப்படியே விட்டுவைத்து, கி.மு. 27இல் அவர்கள் கொடுத்த 'ஆகஸ்டஸ்' என்ற பட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். கெட்டிக்காரர்.

இந்த வாசகம் முதலில் எதிரே இருக்கும் அவருடைய கல்லறையின் முன் வெண்கலத் தகடுகளில் இருந்தது. தகடுகள் போய்விட்டன. துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் வெட்டியிருந்ததால்தான் நமக்குக் கிடைத்தது.

அப்புறம் டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். கி.மு. 9இல் அர்ப்பணித்த பளிங்குப் பலிபீடம். ஊர்வலத்தில் முக்காடிட்டு நிற்பவர் மருமகன் அக்ரிப்பா என்கிறார்கள். நடுவே பெரியவர்களின் அங்கியைப் பிடித்தபடி குழந்தைகள். ராஜா இல்லை என்றவருக்கு வாரிசு மட்டும் வேண்டியிருந்தது. அக்ரிப்பா இறந்தார், தத்தெடுத்த பேரன்கள் இருவரும் இளவயதிலேயே போனார்கள். கடைசியில் மனைவி லிவியாவின் முதல் கணவருக்குப் பிறந்த டைபீரியஸ்தான் மிஞ்சினார். கி.பி. 14இல் எல்லாம் அவரிடம் போனது.