மேடு தெரியாத கால்கள்

கீரிமலையில் மலை இல்லை. கேணி இருக்கிறது, கோயில் இருக்கிறது, கடல் இருக்கிறது. மலையைத்தான் காணோம். யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கிற நிலம். எங்களுக்கு மேடு என்றால் வயல் வரம்பு, கிணற்றுக்கட்டு, மிஞ்சினால் கோயில் தேர்முட்டி. அச்சுவேலியில் வளர்ந்த நான் 26 வயதுவரை ஏறிய ஆகப்பெரிய உயரம் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் மாடி.

அந்தக் கால்களோடுதான் 2012 இல் கலியாணம் முடித்து பேர்கனுக்கு வந்து இறங்கினேன். நோர்வேயின் மேற்குக் கரை. ஏழு மலைகளின் நகரம் என்பார்கள். எந்த ஏழு என்பதில் அவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் தீரவில்லை. உல்ரிக்கன் என்கிற பெரியவர் 643 மீற்றர். நுவரெலியாவைப் பார்த்தவர்கள் இதெல்லாம் ஒரு மலையா என்று சிரிக்கலாம். ஆனால் இங்கே மலைகள் கடலடியிலிருந்தே எழும்பி நிற்கின்றன. எங்கள் மாடியில் நின்றால் முன்னுக்குக் கடல், பின்னுக்குக் காடு, இரண்டையும் மூடிக்கொண்டு மழை. 2006 ஒக்டோபர் கடைசியில் தொடங்கி 85 நாட்கள் விடாமல் ஒவ்வொரு நாளும் பெய்த ஊர் இது. பழைய தமிழர்கள் அதைத் தாங்களே பெய்யவைத்த மாதிரிப் பெருமையாகச் சொல்வார்கள்.

மொழி வகுப்பில் முதலில் மனதில் நின்ற சொல் 'தூர்'. எங்களுக்குத் தூர் என்றால் கிணற்றின் அடியில் இருந்து வாருவது. அவர்களுக்கோ காட்டுக்கும் மலைக்கும் போய் வருவதெல்லாம் தூர். ஒரு திங்கட்கிழமை ஆசிரியை "தூர் போனீர்களா?" என்று கேட்க, எங்கள் மாடிக்கட்டடத்தில் ஏது கிணறு என்று நான் முழித்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் இருந்தால் ஏதோ வருத்தக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிற சனம். மழை என்று சாக்குச் சொன்னால், கூடாத காலநிலை என்று ஒன்று இல்லை, கூடாத உடுப்புத்தான் உண்டு என்று அவர்களின் பழமொழி உடனே வந்து விழும்.

எங்களுக்கு மேல்மாடியில் குருநகர் மாமா ஒருவர் இருந்தார். உறவு இல்லை, பேர்கனில் வயதான தமிழர் எல்லாரும் மாமாதான். குருநகரில் இருந்து 1956 இல் நோர்வேக்குப் போன அன்ரனி ராஜேந்திரத்தின் கதை, 1967 இல் அவர் தொடக்கிய சீநோர் என்ற மீன்பிடி நிறுவனத்தின் கதை, வலைத் தொழிற்சாலையின் கதை எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மீனும் வலையும் போட்ட வழியில்தான் பிறகு நாங்களெல்லாம் வந்தோம் என்பார். வந்த முதல் குளிர்காலத்தில் உடம்பு பெருத்து, மனம் சுருங்கி, யன்னலோடு இருந்த என்னைப் பார்த்து அவர்தான் ஒருநாள் சொன்னார்: "பிள்ளை, ஃபியெல்வையனில போய் நட. கடலை ஒரு பக்கம் வைச்சுக்கொண்டு போ. வரேக்க மற்றப் பக்கம் வை. வழி தவறாது."

ஃபியெல்வையன் என்றால் மலைவீதி. ஃப்ளோயன் மலையின் இடுப்பில் ஒட்டியாணம்போலப் போகிற சரளைப்பாதை, பெரும்பாலும் சமதரை. ஒரு பக்கம் கீழே ஓட்டுக் கூரைகளும் துறைமுகமும், மறுபக்கம் பாசி பிடித்த கல்லும் ஊசியிலை மரங்களும். நடக்கத்தான் போனேன். ஒருநாள் மழை கனக்க, வீட்டுக்குப் போய்ச் சேர ஓடினேன். மூச்சு வாங்க ஒரு மின்கம்பத்தில் சாய்ந்து நின்றபோதுதான் உறைத்தது: இவ்வளவு தூரம் ஓடியும் கையில் பை இல்லை, இடுப்பில் பிள்ளை இல்லை. நான் முன்பு கடைசியாக ஓடியது 1995 இடப்பெயர்வில், ஒன்பது வயதில், அம்மா கட்டித்தந்த உடுப்பு மூட்டையோடு. இடையில் பள்ளிக்கூட மரதன் ஓட்டம் ஒன்று இருந்தது. அதில் பாதி வழியில் மாமி வீட்டுக்குள் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்ததால் கணக்கில் சேர்க்கக்கூடாது.

அதன்பிறகு சப்பாத்து வாங்கினேன். பாதையும் கூடியது. ஃபியெல்வையனில் இருந்து வளைந்து வளைந்து காட்டுக்குள் ஏறினால் ஃப்ளோயன் உச்சிக்குப் பின்னால் ஸ்கூமாக்கர்தீக்கெ என்ற சின்னக் குளம் வரும். அதைச் சுற்றி, பிறகு இறக்கம். இந்தக் காடு முழுக்கத் தானாக வளர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஆடு மேய்ந்தும் விறகு வெட்டியும் மொட்டையாகிக் கிடந்த மலைகளில், 1800களின் பிற்பகுதியில் நகரத்துச் சனம் மரம் நட்டு வளர்க்கத் தொடங்கிய காடாம். இப்போது பற்றை அடர்ந்துவிட்டது என்று கோடையில் அதே மலையில் ஆடு விட்டிருக்கிறார்கள். எங்கள் மணற்காட்டுச் சவுக்குகளை நினைத்துக்கொண்டேன். காடு வளர்க்கிறவர்களின் கவலை எல்லா இடத்திலும் ஆடுதான்.

ஸ்தோல்ட்சகிளைவன் வேறு சாதி. 900 மீற்றர் தூரத்துக்குள் 300 மீற்றருக்கு மேல் ஏறுகிற கற்படிகள். ஒரு பனை நூறு அடி என்றால், பத்துப் பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நேபாளத்தில் இருந்து வந்த ஷெர்ப்பாக்கள் அடுக்கிச் செப்பனிட்ட கற்கள் அவை. கெட்டிக்காரர் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடுகிறார்கள். எனக்கு முதல்முறை 31 நிமிடம் எடுத்தது. நான்கு இடத்தில் இருந்தேன். ஒரு இடத்தில் அழுதேன். இறங்கும்போது படியால் இறங்கக்கூடாது, வேறு பாதையால் சுற்றி வரவேண்டும் என்பது ஊர் வழக்கம். தெரியாமல் இறங்கி, எதிரே ஏறி வந்தவர்களின் மௌனமான முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

படிகூடப் பரவாயில்லை. என்னை உண்மையாக நிறுத்தியது ஒரு எழுத்து. உயரமான பகுதிகளில், மரம் முடிந்து வெறும் கல்லாக இருக்கும் இடங்களில், பாறைகளில் சிவப்பு மையால் ஆங்கில 'ரி' (T) எழுத்தைப் போட்டிருப்பார்கள். இதுதான் பாதை, இப்படியே வா என்பது அதன் அர்த்தம். எனக்கோ நிலத்தில் சிவப்பைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புத் தடி, அதற்கு அப்பால் மிதிவெடி என்று பள்ளிக்கூடத்தில் படம் காட்டிக் காட்டிப் பழக்கிய கால்கள் இவை. முதல்முறை அந்தக் கல்லைக் கண்டதும் பாதையை விட்டு விலகி நடந்து, சேற்றுக்குள் முழங்கால்வரை புதைந்தேன். கூட வந்த மனிசன் கையைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்தார். பேந்து எனக்குக் கை நடுங்கியதைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார். சிவப்பை நோக்கி ஓடுவதற்கு எனக்கு இரண்டு கோடைகாலம் தேவைப்பட்டது. இன்றும் முதல் கல்லில் ஒரு அடி பிந்தும்.

இன்னொரு ஆச்சரியம், வேலி. 1957 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பயிர் செய்யாத நிலம் யாருடையதாக இருந்தாலும் யாரும் அதற்குள் நடக்கலாம், ஓடலாம், பழம் பிடுங்கலாம். இதை அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வேலிக் கதியாலை அரை அடி தள்ளிப் போட்டதற்கு அவரும் பக்கத்துக் காணிக்காரரும் பதினொரு வருடம் வழக்காடியவர்கள். கடைசியில் கேட்டார்: "அப்ப அங்க அப்புக்காத்துமார் என்னத்தைச் சாப்பிடுறாங்கள்?"

குளிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. டிசம்பரில் சூரியன் பத்து மணியளவில் எழும்பி மூன்றரைக்குப் போய்விடும். காட்டுக்குள் விளக்குப் போட்ட பாதைகள் இருக்கின்றன. சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு பனிக்கட்டியில் ஓடலாம். ஒருமுறை மாட்டாமல் ஓடி மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கோடையில் புல்லுக்குள்ளால் ஓடினால் வீட்டுக்கு வந்து காலெல்லாம் உண்ணி தேட வேண்டும்.

போன ஆடியில் ஊருக்குப் போனபோது சப்பாத்தையும் கொண்டு போனேன். விடிய ஐந்து மணிக்கு நான் வெளிக்கிட, அம்மா படலைவரை வந்து கேட்டா, "ஆர் பிள்ளை உன்னைத் துரத்துறது?" முதல்நாள் தொண்டைமானாற்றுக்குப் போய், வல்வெட்டித்துறைப் பக்கமாகக் கடற்கரை வீதியால் கொஞ்சத் தூரம். கடல் இடது கையில். வள்ளத்தில் இருந்து மீன் இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் "தங்கச்சி, பஸ்ஸை விட்டிட்டீங்களோ?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். நாய்கள் விசாரிக்கவில்லை, நேரே வந்துவிட்டன. அடுத்தநாள் தொடக்கம் அப்பா ஒரு பூவரசம் தடியோடு சைக்கிளில் கூட வந்தார்.

அவரோடு வல்லைவெளிக்குப் போனேன். இரண்டு பக்கமும் வெட்டை, உவர்நிலம், நடுவில் நேர் வீதி. முனியப்பர் கோயிலடியில் வாகனங்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும். ஆடி மாதம், சோழகக் காற்று பிடரியில் தள்ளியது. பாலம்வரை பறந்து போனேன். எவ்வளவு சுகமான ஊர் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். திரும்பியதும் நெஞ்சில் யாரோ கை வைத்து அமத்திய மாதிரி. கண்ணுக்குள் மணல். ஸ்தோல்ட்சகிளைவனின் கடைசிப் படிகளில் வருகிற அதே மூச்சு, அதே தொடைக் கடுப்பு. மணிக்கூட்டைப் பார்த்தேன்: ஏற்றம் 2 மீற்றர் என்றது.

"பள்ளிக்கூடம் போகேக்க இதுக்குள்ளால எத்தனை வருசம் சைக்கிள் உழக்கினனி, மறந்துபோச்சோ?" என்றார் அப்பா. கொஞ்சத் தூரத்தில் அவராலும் உழக்க முடியவில்லை. இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டி, தடியைக் கரியரில் செருகிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். நானும் ஓட்டத்தை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் காற்று மறைவில் நடந்தேன்.